காவாகிப்போன நம் தோட்டம்

அக்கா,

மத்தியானம் ஒரு மழை பெய்தது. சருகு நனைந்து மக்கும் வாடை அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் சேதியும் வந்தது: உங்கள் மகளுக்கு நாளைக்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இதைக் கேட்க நீங்கள் உயிரோடு இல்லாமல் போனதே நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கல்யாணம் கழிந்து பாறசாலைக்கு நான் வந்தபோது, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடிந்த மண்சுவர்தான் கிடந்தது. இரண்டு பக்கமும் வெறும் மண். அதைச் சேர்த்து ஒரே தோட்டமாக்கலாம் என்றது நீங்கள்தான். முற்றத்து மணலில் ஈர்க்குச்சியால் கீறிக் காட்டினீர்கள். உயரத்துக்கு அயனியும் பலாவும், நிழலில் கமுகு, கமுகில் நல்லமிளகுக் கொடி, தரையில் சேம்பும் இஞ்சியும், மழைவெள்ளம் வடியும் சரிவில் ஒரு சின்னக் குளம். செங்கல் ஊருக்குப் போகும் வழியில் நாகத்துக்கென்று வெட்டாமல் விட்டிருந்தார்களே ஒரு காவு, அதுதான் உங்களுக்கு மாதிரி. சருகைக் கூட்டி எரிக்கப் போன என்னிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினீர்கள். "காவுல ஆரு மக்கா தண்ணி கோருதா? ஆரு வளம் போடுதா? அது பாட்டுக்கு நிக்கல்லியா?"

நாலைந்து மழைக்காலத்தில் உள்ளே ஆள் நின்றால் தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது.

அப்போதுதான் எல்லைப் போராட்டம் முற்றியது. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஊர்வலம் ஊர்வலமாகப் போனார். "இது மலையாள மண்ணாக்கும்" என்று உங்கள் வீட்டுக்காரர் அவரோடு பேச்சை நிறுத்தினார். நாம் மட்டும் தோட்டத்துக்குள் நின்று பேசிக்கொண்டோம். ரோட்டில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் ஓடிப்போய் வாசலைப் பார்ப்பேன். அவர்கள் பிடித்துக்கொண்டு போன ஆட்கள் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்திருந்தோமே.

ஒருநாள் காலையில் வண்டி நம் வாசலிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குள் பாய்ந்தார். நீங்கள் கறிக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தீர்கள். குழவியோடு எழுந்து ஓடி, அதை அயனி மரத்து மூட்டில் நட்டு, நாலு தெச்சிப்பூவைப் பறித்துப் போட்டீர்கள். போலீஸ்காரர்கள் நெருங்கியதும் கைகூப்பி வழிமறித்தீர்கள். "சாறே, காவாணு. பூட்ஸிட்டு கேறல்லே." பூட்ஸோடு உள்ளே ஏறக்கூடாதாம். அவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்தார்கள். மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். திரும்பிப் போய்விட்டார்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கழுவித் தரலாம் என்று குழவியை எடுக்கப் போனேன். "தொடாதே!" என்று கத்தினீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நாகத்துக்க பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன் மக்கா. அதுக்க கோவம் பிள்ளையளத்தான் பிடிக்கும். எனக்கு அந்த ஒரு பெண்குட்டிதானே உண்டு."

அதன்பிறகு அது குழவி இல்லை. அரைக்கவேண்டுமென்றால் தேங்காயோடு எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். அந்தியானால் அதன்முன் விளக்கு வைப்பீர்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் உங்கள் கண் என்னைத்தான் தேடும். "கர்த்தர் காப்பாரு அக்கா" என்பேன். சொல்லிவிட்டு அந்தக் கல்லைத் திரும்பிப் பார்ப்பேன்.

பிறகு எல்லை போட்டார்கள். நாம் கேரளத்துப் பக்கமே நின்றுபோனோம். கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு ஆண்கள் இரண்டு பேரும் ஒரே கடையில் சாயா குடிக்கப் போனார்கள். உங்கள் பயம் மட்டும் போகவில்லை. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்து, "நாகம் பொறுத்திருக்கும், இல்லியா?" என்றுதான் கேட்டீர்கள்.

இன்றைக்கு மழை விட்டதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு தோட்டத்துக்குள் அந்தக் கல்லின்முன் போய் நின்றேன். சபைக்காரர் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அவ பொய் சொன்னது எனக்க மாப்பிளைக்காக்கும்," என்றேன். "கணக்குக் கேக்கணும்னா எனக்கிட்ட கேளு. அந்தப் பிள்ளைய விட்டுரு."

எனக்கும் பிள்ளைகள் உண்டே என்பது, திரும்பி வந்து அடுக்களைப் படியில் கால் வைத்தபோதுதான் நினைவுக்கு வந்தது, அக்கா. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல நான் திரும்பிப் போகவில்லை.