இது பரீட்சை இல்லை, அண்ணி

மார்ச் 4

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். மருத்துவமனையிலிருந்து சோதிக்க வந்த டாக்டரம்மா படம் காட்டியபோது நம் சுண்டு எப்படிப் பதில் சொன்னாள், பார்த்தாயா? பந்து, பால், பூனை, குடை. ஒன்றுகூடத் தப்பவில்லை! முதல் தடவை வந்தபோது காட்டிய படங்களை நான் மனதில் வைத்துக்கொண்டேன். நீ லாண்டரி வேலைக்குப் போனதும் அதே வரிசையில் வரைந்து, ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். உன்னிடம் சொன்னால் தடுப்பாய் என்றுதான் சொல்லவில்லை.

என் தம்பி மகள்மேல் ‘குறை’ என்று முத்திரை விழாமல் பார்த்துக்கொண்டேன். இனி நிம்மதியாகச் சாப்பிடு.

உன் நாத்தனார்

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். ‘இந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவையில்லை’ என்று நலத்துறை ஆபீஸிலிருந்து காகிதம் வந்துவிட்டது. பாலர் பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வருவதாக இருந்தது, நின்றுபோனது. பேச்சுப் பயிற்சியும் போனது.

படங்களைக் கலைத்துப் போட்டுக் காட்டினேன். எதைக் காட்டினாலும் பந்து, பால், பூனை, குடை. நாலு வயது முடிந்தும் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் தலையைச் சுவரில் முட்டுகிறாள். நீங்களும் பார்த்தீர்கள்தானே?

பார்ப்பவர்கள் எல்லாம் ‘அப்பா செத்த ஏக்கம், தானாகச் சரியாகும்’ என்கிறார்கள். உங்கள் தம்பி இருக்கும்போதே இவள் இப்படித்தான். முதலில் கவனித்ததே அவர்தான். போன மனுஷன் தலையில் இந்தப் பழியையும் கட்ட விடமாட்டேன்.

நாளைக்கே அந்த ஆபீஸுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 17

பெற்றவளுக்கு,

பாஸான பிள்ளையை நீயே போய் ஃபெயில் ஆக்குவாயா? நாளைக்கு அவளை எவன் கட்டுவான்? நீ அந்த ஆபீஸ் படி ஏறினால் நான் உன் வாசல் மிதிக்க மாட்டேன். போனும் செய்யாதே.

நாத்தனார்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். படி ஏறிவிட்டேன்.

டாக்டரம்மா, பள்ளி டீச்சர், பேச்சுப் பயிற்சிக்காரர், நலத்துறை அதிகாரி என்று நாலு இடம். ஒவ்வொரு இடத்திலும் பிள்ளை பிறந்த கதையிலிருந்து சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. அதிகாரியிடம் சொன்னேன்: “எல்லாரும் ஒரே ரூம்ல உக்காருங்க சார். நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்.”

“அப்படி வழக்கம் இல்லம்மா.”

“அப்போ நான் வராண்டாவுலயே உக்காந்திருக்கேன். வழக்கம் வந்ததும் கூப்பிடுங்க.”

மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். நாலாம் நாள் எல்லோரையும் வரவழைத்தார்கள். வாட்ச்மேன்கூட, “மகராசி, ஒருவழியா எழுந்திருச்சியே” என்றார்.

படங்களைக் கலைத்துக் காட்டினார்கள். சுண்டு தன் வரிசையை ஒப்பித்துவிட்டு, தானே கை தட்டிக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அதுவும் நீங்கள் கற்றுக்கொடுத்ததுதானே அண்ணி? டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. பள்ளியில் துணைக்கு ஆள். இனி எது கேட்பதென்றாலும் பள்ளி டீச்சர் ஒருவரிடம் கேட்டால் போதும், மற்றவர்களிடம் அவரே பேசிக்கொள்வார். எவன் கட்டுவான் என்று கேட்டீர்கள். முதலில் அவள் தண்ணீர் கேட்கட்டும்.

பயிற்சியின்போது கூட உட்கார வீட்டில் பொறுமையான ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் அலுக்காமல் அவளோடு உட்கார்ந்தவர் உங்களைத் தவிர யார்? உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். திங்கள், வியாழன், காலை பத்து மணி.

வேண்டாமென்றால் நீங்களே வந்து உங்கள் பெயரை அடித்துவிட்டுப் போங்கள். நான் அடிக்க மாட்டேன்.

உங்கள் தம்பி மனைவி