சின்ன அறை, பதினோரு மணி

மார்ச் 4, செவ்வாய்
பெரிய அறைக்காக விற்பனைப் பிரிவும் ஆள்சேர்ப்புப் பிரிவும் வாசலில் நின்று சண்டை. "நாங்க அக்காகிட்ட முதல்லயே சொல்லிட்டோம்." "நாங்களும் அக்காகிட்டதான் சொன்னோம்." இரண்டும் உண்மை. அறை ஒதுக்குகிற அக்கா நான்தான்; எனக்குத்தான் மறந்துபோனது. மேலாளர் கூப்பிட்டு, "ரூம் புக் பண்ண நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு பாருங்க" என்றார். இருப்பதே மூன்று அறை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி
சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வரிசையாக வந்து செய்துகாட்டினார்கள். எல்லாம் ஒரே மாதிரிதான். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் ஆள். கடைசியாக வந்தவர், "சின்ன ரூமுக்கு என்ன மேடம் போடறது? ஏசி ரிப்பேர்னு ஒட்டியிருக்கே" என்று மேலாளர் முன்னாலேயே கேட்டுவிட்டார். அந்தத் தாளை ஒட்டியவளே நான்தான். பிரசவ விடுப்பு முடிந்து வந்த கணக்குப் பிரிவுப் பெண், பதினோரு மணிக்கு அங்கேதான் குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்துவைக்கிறாள். அதற்கு முன் கழிப்பறையில் நின்றபடியே எடுத்தாளாம். அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது; தாள்தான் காவல். மேலாளரிடம் சொல்லட்டுமா என்றதற்கு, "ஐயோ, வேணாம்க்கா" என்றுவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்
சமையல், மாமியாருக்கு மருந்து, பஸ், ஆபீஸ், பஸ், சமையல். "ஏசில உக்காந்து பாக்கற வேலைதானே" என்கிறார் இவர்.

மார்ச் 13, வியாழன்
என்னத்தைச் சொல்ல. எல்லா அறையையும் சாஃப்ட்வேரில் சேர்க்க வேண்டுமே என்று, மேலாளர் ஏசி மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பதினோரு மணி தாண்டி அந்த மனிதர் ஏணியோடு போய்க் கதவைத் திறந்திருக்கிறார். ஏணியை அங்கேயே போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார். "உள்ள ஒருத்தங்க இருக்காங்கம்மா... நான் ஒண்ணும் பாக்கல" என்றார். அவள் அழுது முகமெல்லாம் வீங்கி, "நான் வேலைய விட்டுடறேன்க்கா" என்றாள். ஒரு வாரம் பொறுத்துக்கோ என்று கெஞ்சினேன். என் புத்தியை என்ன சொல்வது? எலி இருக்குன்னு எழுதி ஒட்டியிருந்தா ஒருத்தன் கிட்ட வந்திருப்பானா?

மார்ச் 14, வெள்ளி
மேலாளரிடம் போய், "சின்ன ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும் சார். ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன். மெக்கானிக் சொல்லியிருப்பார் போல. குனிந்த தலை நிமிராமல், "இன்னிக்கே போடச் சொல்றேன்" என்றார்.

மார்ச் 24, திங்கள்
சாஃப்ட்வேர் வந்தாயிற்று. சின்ன அறை, தினமும் பதினோரு மணி, "கணக்குச் சரிபார்ப்பு" என்று போட்டேன். இரண்டு பேராவது இல்லாமல் அறை தரமாட்டேன் என்கிறது சனியன். சரி, இரண்டாவது ஆளாக நானே. வந்துவிட்டோம் என்று வாசலில் பட்டனை வேறு அழுத்த வேண்டும், இல்லையென்றால் அறை கைவிட்டுப் போய்விடும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் மேசையில் தலை சாய்த்துக்கொண்டேன். என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. திரையில் நான் மீட்டிங்கில் இருக்கிறேனே! வேலையை விடுகிற பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்
குறட்டை விட்டேனாம். சொல்லிச் சிரிக்கிறாள்.

ஜூலை 9, புதன்
குழந்தை பகலில் பால் கேட்பதில்லையாம். "இனிமே எனக்கு ரூம் வேணாம்க்கா" என்றாள். சந்தோஷம்தான். ஆனால் மீட்டிங்கை அழிக்க உட்கார்ந்தபோது என்னவோ போல இருந்தது. பின்னால் வந்து நின்றவள், "அத ஏன் அழிக்கறீங்க?" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பட்டனை அவளே அழுத்தினாள். "தாழ்ப்பாள் போட்டுக்கோங்க. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் காலை நீட்டினேன். ஏசி நன்றாகத்தான் ஓடுகிறது.