இறங்கும் பக்கம்

மே 6, செவ்வாய்
மேட்டுப் பாதையில் மரங்களுக்கு வழி அடையாளம் பூசும் வேலை ஒருவழியாக முடிந்தது. நடப்பவர்களுக்கு நீலம், சைக்கிளுக்கு மஞ்சள். இரண்டும் பிரியும் இடத்தில் ஒவ்வொரு மரத்திலும் இருபுறமும் பூச வேண்டும்: ஏறுகிறவர் கண்ணுக்கு ஒன்று, இறங்குகிறவர் கண்ணுக்கு ஒன்று. கடைசி ஆறு மரத்தில் ஏறும் பக்கம் மட்டும் பூசினேன். மழை கட்டிக்கொண்டு நின்றது, முட்டி வேறு கெஞ்சியது. வேலைத் தாளில் 'இருபுறமும் முடிந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக்குப் போய்ப் பூசினால் சரியாகிவிடும். யார் மரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள்?

மே 7
மழை. போகவில்லை.

மே 11, ஞாயிறு
தபால்காரப் பெண் மேலிருந்து சைக்கிளில் இறங்கும்போது, நடப்பவர்கள் பாதைக்குள் வந்து வளைவில் மருந்துக்கடைக்காரரை இடித்துவிட்டாள். அவருக்கு இடுப்பெலும்பு முறிவு. அவளுக்கு முழங்கையில் ஏழு தையல். எந்த இடம் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

மே 12
விடிந்ததும் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய் ஆறு மரத்திலும் விட்டுப்போன பக்கத்தைப் பூசினேன். புதுசாகத் தெரியக் கூடாது என்று காய்ந்ததும் மண்ணைத் தேய்த்தேன். இனி யாருக்கும் ஆபத்தில்லை — யாருக்கு? பொய் சொல்லாதேடா. உனக்குத்தான்.

மே 14
மேலாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அடையாளம் பளிச்சுனு இருக்கு. அந்தப் பொண்ணு ஒண்ணுமே இல்லன்னு கூசாம புளுகுறா" என்றார். "நல்லவேளை, நீ ஒழுங்கா பூசியிருந்தே" என்று என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன். என்ன ஜென்மம் நான்.

மே 17
அவள் வீட்டுக்கு வந்தாள், கையில் கட்டோடு. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று தபாலாபீஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

"அண்ணே, நீங்கதானே பூசினீங்க? அன்னிக்கு மேலேருந்து வரும்போது ஒண்ணுமே இல்லண்ணே. இப்பப் போய்ப் பாத்தா இருக்கு. என் கண்ணையே என்னால நம்ப முடியல. கண் டாக்டரைப் பாக்கப் போறேன்."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்மா" என்றேன். நான்தான் சொன்னேன். இந்த வாயால்.

அவள் போனதும் மனைவி கேட்டாள்: "திங்கக்கிழமை விடியக்காலைல எங்க போனீங்க? சட்டைக் கையில மஞ்சப் பெயின்ட் இருந்துச்சே."

மே 20
மனைவி என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். என் மூஞ்சியைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை, அவளுக்கு எப்படிப் பிடிக்கும்?

மே 22
ஊர்க் கூட்டம். மேட்டுப் பாதையில் இனி சைக்கிளே கூடாது என்று தீர்மானம் போடுவதற்காகக் கூடியது. கை தூக்கச் சொன்னபோது எழுந்து நின்றேன்.

"அன்னிக்கு இறங்கற பக்கம் அடையாளம் இல்ல. நான் பூசல. அடிபட்டதுக்கு மறுநாள்தான் போய்ப் பூசினேன்."

மேலாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரரின் மகன் கத்தினான், கத்தட்டும், நியாயம்தான். அவளும் திட்டுவாள் என்று நின்றேன். அவளோ பக்கத்திலிருந்த தன் அம்மாவின் தோளில் சாய்ந்து, "என் கண்ணு நல்லாத்தான்மா இருக்கு" என்று அழுதாள். அதற்குத் திட்டே மேல்.

ஜூன் 9, திங்கள்
அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இன்று எனக்குப் பதிவுத் தபால் கொண்டுவந்தாள். பிரிக்காமலே தெரியும், வேலைநீக்க உத்தரவு. உட்காரச் சொன்னேன். வேண்டாமென்று தலையசைத்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து, சார்" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன்.