அறுபது வாட்டுக்கும் குறைவாக

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். பொது வினாத்தாள், நான் தயாரித்தது இல்லை. மின்சாரப் பாடத்திலிருந்து ஒரு கணக்கு: மின்னழுத்தம் 230 வோல்ட், மின்தடை 1000 ஓம், மின்னோட்டமும் திறனும் காண்க. கேள்வி எடுத்தவருக்கு அது வெறும் எண். எனக்கு அதில் நீங்கள் வந்து நிற்கிறீர்கள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் நாம் நல்லூரில் இருந்த வாடகை வீட்டுக்கு இரண்டு பக்கமும் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடும். அவை எல்லாம் ஒன்றாகக் கரண்ட் இழுத்தால் நம் வீட்டு பல்பு அழுது வடியும். சாயப்பட்டறை எலக்ட்ரீசியனாகப் பகலெல்லாம் வயரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தும் உங்களுக்கு அலுக்காது. மீட்டரை எடுத்து எதையாவது அளப்பீர்கள். அளப்பது உங்கள் வேலை, கணக்குப் போடுவது என் வேலை. ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியை அளந்துவிட்டு, "இருநூறு வோல்ட்டு, ரெண்டரை ஆம்ப்ஸ். சொல்லுங்க டீச்சரம்மா" என்றீர்கள். வகுத்தால் எண்பது ஓம் தடை, பெருக்கினால் ஐந்நூறு வாட் என்று சேலையை மடித்துக்கொண்டே சொன்னேன். வோல்ட் குறைந்தால் பெட்டி ஏன் சூடேறாது என்று இப்போதாவது தெரிந்ததா என்று சிரித்தீர்கள். மற்றவர்கள் புதுசில் சினிமாவுக்குப் போனார்கள், நாம் இப்படிக் கணக்குப் போட்டோம். சுருக்கம் போகாத அந்தச் சேலையோடுதான் மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

பிறகு பட்டறையின் அந்த ஹைட்ரோ மெஷின். ஈரத் துணியைச் சுழற்றிப் பிழிகிற இரும்புத் தொட்டி. கசியும் கரண்ட்டை மண்ணுக்கு இறக்குகிற அதன் எர்த் வயரை உப்புத்தண்ணீர் தின்றுவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னீர்கள். அதற்கு மெஷினை நிறுத்த வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம். அந்த வாரம் முழுக்கச் சாப்பிடும்போதெல்லாம் இதையே சொல்லிப் புலம்பினீர்கள். ஆர்டர் போவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அங்கே வேலை செய்த பெண் ஒருத்தி பார்த்திருக்கிறாள். தரையெல்லாம் சாயத்தண்ணீர். வழுக்கியது. விழாமல் இருக்கத் தொட்டியின் விளிம்பைப் பிடித்தீர்கள். அவ்வளவுதான் நடந்தது.

உங்கள் அப்பா இருந்த சேவூர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த முதலாளி எல்லார் முன்னாலும் வேறு மாதிரி சொன்னார். "மெஷின்ல கரண்ட் இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கோணுமுங்க. போகலியே. ஈரக்கையோட வயரத் தொட்டுட்டாருங்க." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், கணக்கு எதுவும் தலையில் ஓடவில்லை. உங்கள் அப்பா அதை நம்பிவிட்டார். பெற்ற பிள்ளையின் மேல் அவருக்கு வந்த கோபம் ஆறவே இல்லை. அஜாக்கிரதையாகச் செத்தவன் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். உங்கள் போட்டோவை முன்னறையில் மாட்டவும் விடவில்லை. போட்டோ என் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

மறு வருஷம் வகுப்பில் அதே பாடம் வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றேன். ஈர உடம்பின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம். இருநூற்று முப்பதை ஆயிரத்தால் வகுத்தால் கால் ஆம்பியர்கூட வராது, அதற்கு எந்த ஃபியூஸும் போகாது. இந்த முறை அளந்து சொல்ல நீங்கள் இல்லை, கணக்கை மட்டும் போட்டேன். தொட்டியில் கரண்ட் கசிந்தபோது எர்த் வயர் நன்றாக இருந்திருந்தால், அதன் தடை இரண்டு ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ந்து நீங்கள் கை வைப்பதற்கு முன்பே ஃபியூஸ் போயிருக்கும். வயர் அறுந்திருந்ததால்தான் அது போகவில்லை. முதலாளி எதை உங்கள் தப்புக்குச் சாட்சியாகக் காட்டினாரோ, அதுவே அவருடைய தப்புக்குச் சாட்சி.

அன்று சாயங்காலமே சேவூருக்கு பஸ் ஏறினேன். உங்கள் அப்பாவை உட்காரவைத்து முன்னறை பல்பைப் போட்டேன்.

"இது அறுபது வாட்டுங்க மாமா. இது எரிஞ்சா நம்ம ஊட்டு ஃபியூஸ் போகுதுங்களா?"

"அதெப்படிப் போகும்?"

"அவரு மேல பாஞ்சது இந்த அளவுகூட இல்லீங்க. அப்புறம் அங்க மட்டும் ஃபியூஸ் எப்படிங்க போகும்? மெஷின்லதானுங்க கோளாறு. அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அவர் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இத்தனை கொஞ்சமாவா கண்ணு?" என்றார்.

அவர் கோபத்தைத் தீர்க்கப் போன நான், அந்தக் கோபம் மறைத்து வைத்திருந்த துக்கத்தைத் திறந்துவிட்டு வந்தேன். தப்பு செய்து செத்த பிள்ளையைத் திட்டவாவது முடிந்தது. நான் கொண்டுபோயிருந்த போட்டோவை மறுநாள் என்னிடம் வாங்கி அவரே முன்னறையில் ஆணி அடித்து மாட்டினார். அதன்பிறகு அந்த அறையில் பல்பைப் போட விட்டதே இல்லை. இருட்டினால் ஒரு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன வருஷம் அவரும் போய்விட்டார்.

சாயப்பட்டறை இன்னும் ஓடுகிறது. அந்த வழியாக பஸ் போகும்போது நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

தாள் கட்டின் மேலே இருப்பது ஒரு மாணவியுடையது. அழகான கையெழுத்து. மின்னோட்டம் 0.23 ஆம்பியர், திறன் 52.9 வாட். விடைக்கு அடியில் அடிக்கோல் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது. சிவப்புப் பேனாவைத் திறந்து முழு மதிப்பெண் போடுகிறேன்.