படையில் சேர்ந்தவனுக்கு மனைவி இல்லை

கார்வே ஆற்றுப் பாசறை,
பனியுருகு மாதம், 11

அன்பு அவெல்லா,

வந்து சேர்ந்து ஒன்பது நாளாகிறது. முன்பே எழுதியிருக்க வேண்டும். உட்கார நேரமில்லை என்றால் நீ நம்பமாட்டாய். உண்மையில் என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடத் தொடங்கிவிடுகிறது.

அரசி நாலாயிரம் பேரை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். படை என்று சொல்ல வாய் வரவில்லை. பதினேழு குலத்து ஆட்கள். ஒவ்வொருவனும் தனியாக ஆற்றைக் கடந்து ஒரு நெடியனை வீழ்த்திப் பாட்டில் பெயர் வாங்க நினைக்கிறான். நம்மைப் போல் இருமடங்கு உயரமுள்ளவனிடம் தனியாகப் போன யாரும் இதுவரை திரும்பவில்லை. அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பழைய பேரரசின் செப்பேடுகளை எத்தனை வருடம் படித்தேன் என்று உனக்குத் தெரியும். அதன்படிதான் செய்கிறேன். எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், ஒரு சட்டி. பத்துக் கூடாரம் ஓர் அணி. கேடயத்தோடு கேடயம் ஒட்டி நின்றால் நெடியனின் தடி எட்டுப் பேர்மீது பகிர்ந்து விழும், ஒருவனும் சாகமாட்டான். ஆனால் முதலில் அவர்கள் சேர்ந்து சாப்பிட வேண்டுமே. நேற்று ஒருவன், “வேற குலத்தான் கை வச்ச சட்டியில நான் எப்படித் திங்கிறது?” என்றான். அணித்தலைவர் புரூக்கோ, அறுபது வயதுக்காரர், குரலே உயர்த்தாமல் சொன்னார்: “அப்பப் பட்டினி கெட. நாளைக்கு உன் விலாவ மறைக்கப்போறது அவன் கேடயந்தான்.” அவன் சாப்பிட்டான்.

கூடாரங்கள் ஒழுகுகின்றன. உன் பட்டறையிலிருந்து இருநூறாவது அனுப்ப முடியுமா?

உன்
மார்வென்

*

ஹெல்மே நகரம்,
பனியுருகு மாதம், 24

என் மார்வெனுக்கு,

மனைவியைக் கேட்டு இரண்டு வரி, கூடாரத்தைக் கேட்டு இரண்டு வரி என்று எழுதியிருந்தால்கூடச் சமாதானமாகியிருப்பேன். முதலாவது எங்கே என்று உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எண்பது கூடாரம் இந்த வண்டியில் வருகிறது. வெள்ளாட்டுத் தோல், இரட்டைத் தையல், மெழுகு இழுத்தது. மீதி அடுத்த மாதம். தையலுக்கு ஆள் போதவில்லை. ஆண்கள் எல்லாம் உன்னிடம் இருக்கிறார்கள், அதனால் அவர்கள் மனைவிமாரையே அழைத்து உட்கார வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஹெஸ்தாவும் வருகிறாள். இப்போதுதான் நாள் தள்ளிப்போயிருக்கிறது. அவளுடைய ஜோரன் உன் பாசறையில்தான் கொல்லனாக இருந்து இப்போது கேடயம் பிடிக்கிறானாம். ஊசியைக் கீழே வைக்கும் போதெல்லாம் ஒரே கேள்வி: “அக்கா, அண்ணன் கடுதாசில அவரப்பத்தி எதாச்சும் எழுதியிருக்காரா?” நான் தினமும் பொய் சொல்கிறேன். அடுத்த கடிதத்தில் ஒரு வரி எழுது, என் பொய்யாவது குறையும்.

தூங்குகிறாயா? செப்பேட்டில் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்களே.

அவெல்லா

*

கார்வே ஆற்றுப் பாசறை,
கதிர் மாதம், 30

அவெல்லா,

இதை நான்காவது முறையாக எழுதுகிறேன்.

ஆறு நாளைக்கு முன் நெடியர்கள் மேல்துறையில் இறங்கினார்கள். முப்பது பேர். நம் வரிசை நின்றது. தடி விழுந்தது, கேடயங்கள் வளைந்தன, வரிசை நின்றது. நான் அழுதேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அப்போதுதான் யாரோ கத்தினான், இன்னொரு கூட்டம் ஹெல்மே பக்கம் கடந்துவிட்டது என்று. அது வெறும் வதந்தி. ஆனால் இடப்பக்கத்தில் நின்றவர்கள் ஹெல்மேக்காரர்கள். கேடயத்தைப் போட்டுவிட்டு வீட்டை நோக்கி ஓடினார்கள். அந்த இடைவெளியில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள்.

செப்பேடு இதற்கு ஒரே வழி சொல்கிறது. படையில் சேர்ந்தவனுக்கு மனைவி இல்லை. சேர்ந்த நாளே மணம் கலைகிறது. பதினாறு வருடம் முடிந்து விடுதலையாகும்போது நிலம் கொடுத்து, மறுபடி மணம் செய்துகொள்ளலாம். ஆணையை நான் எழுதினேன். அரசி முத்திரை வைத்துவிட்டார்.

முற்றத்தில் அதை வாசித்தேன். பிறகு ஜோரன் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்து, “உங்க வீட்டம்மாவுக்கும் இதுதானா, தலைவரே?” என்று கேட்டான். நாலாயிரம் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தயங்கியிருந்தால் அன்றோடு இந்தப் படை முடிந்திருக்கும்.

“எனக்கும் அதேதான்” என்றேன்.

இது ஏட்டில் மட்டும்தான், அவெல்லா. நமக்குள் எதுவும் மாறவில்லை. உனக்குப் புரியும். என்னைவிட உனக்கு எப்போதும் எதுவும் சீக்கிரம் புரியும்.

மார்வென்

*

ஹெல்மே நகரம்,
இலையுதிர் மாதம், 14

மதிப்பிற்குரிய படைத்தலைவர் மார்வென் அவர்களுக்கு,

உங்கள் ஆணை இங்கும் சந்தையில் வாசிக்கப்பட்டது. கடிதம் அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. ஆகவே நான் உங்கள் மனைவி இல்லை என்பதைத் தோல் வாங்க வந்தவர்களோடு சேர்ந்து நின்று கேட்டுக்கொண்டேன்.

ஏட்டில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏட்டில் மணம் கலைந்தால் வீடு கணவனின் உடன்பிறந்தாருக்குப் போகும் என்பது நம் நாட்டு வழக்கம். நீங்கள் மறந்திருக்கலாம். ஜோரனின் தம்பி மறக்கவில்லை. மறுநாளே வந்து, “அண்ணி, நீங்க இப்ப எங்களுக்கு யாரும் இல்லையே” என்றானாம். மரியாதையாகத்தான் சொன்னானாம். ஹெஸ்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் பாத்திரங்களை என் பட்டறைக்குத் தூக்கி வந்தாள். அவளைப் போல் இன்று வரை அறுபத்து மூன்று பெண்கள் தோல் கட்டுகளுக்கு நடுவே படுத்திருக்கிறார்கள். உங்களுக்கு உடன்பிறந்தார் இல்லாததால் என் கூரை தப்பித்தது.

பட்டறையைப் பாசறைப் பக்கமே மாற்றிக்கொள்கிறேன். நகரத்தில் இந்தப் பெண்களுக்கு இடமில்லை. கூடாரம் தைக்கிறவர்கள் பாசறையில் நீங்கள் கட்டிய கோட்டைக்கு வெளியே தங்கக் கூடாது என்று உங்கள் செப்பேட்டில் இருந்தால் தெரிவியுங்கள்.

அவெல்லா,
தோல் பட்டறை

*

கார்வே ஆற்றுப் பாசறை,
இலையுதிர் மாதம், 22

அவெல்லா,

வராதே. வீடுகளைப் பற்றி அரசிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரும். இன்னும் ஐந்து வாரத்தில் ஆறு உறைந்துவிடும். உறைந்தால் நெடியர்கள் எங்கு வேண்டுமானாலும் கடப்பார்கள். சுவருக்கு வெளியே யாரும் இருக்கக் கூடாது. இதைத் தலைவனாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

‘நீங்கள்’ என்று எழுதாதே. படிக்க முடியவில்லை.

மார்வென்

*

கோட்டைச் சுவருக்கு வெளியே,
உறைபனி மாதம், 9

படைத்தலைவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் எங்களை வழியில்தான் சந்தித்தது. வந்து ஒரு மாதமாகிறது. உங்கள் வாசலுக்கும் என் பட்டறைக்கும் முந்நூறு அடி. இருந்தும் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது, வாசல் காவல்காரன், மனைவி அல்லாத பெண்களை உள்ளே விடுவதில்லையாம். மனைவியே கிடையாது என்றும் ஆணை இருக்கிறதே, அப்படியென்றால் யாரைத்தான் விடுவாய் என்று கேட்டேன். பாவம், ரொம்ப நேரம் யோசித்தான்.

நீங்கள் இரண்டு முறை சுவர்மேல் நின்று பார்த்ததை நானும் பார்த்தேன். இறங்கி வரவில்லை.

இப்போது நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறோம். ஹெஸ்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு நாளாகிறது. ஜோரன் வாசல் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தான். குழந்தையின் காலை மட்டும் தொட முடிந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆற்றின் நடுவில் இனி தண்ணீர் தெரியவில்லை. கொம்பு ஊதினால் வாசல் மூடப்படும் என்பது உங்கள் விதி. ஊதும்போது நாங்கள் வாசலுக்கு ஓடி வருவோம். திறப்பீர்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். இல்லை என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்றே மலைப்பக்கம் போகிறோம்.

அவெல்லா

*

கோட்டை,
உறைபனி மாதம், 10

அவெல்லா,

திறந்த வாசலை நெடியன் ஒருவன் பிடித்தால் நாலாயிரம் பேரும் போவார்கள். ஆனால் உங்களை விட்டுவிடுவேன் என்றும் நினைக்காதே. வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டு நாள் பொறு, சொல்கிறேன்.

மார்வென்

*

கோட்டை,
உறைபனி மாதம், 14

அவெல்லா,

நீ எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியிலிருந்து பார்த்தாய். உள்ளே நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது.

பொறு என்று நான் கேட்ட இரண்டாவது நாள் காலையிலேயே நெடியர்கள் வந்துவிட்டார்கள். கொம்பு ஊதியது, வாசல் மூடியது. நான் மேலே நின்றேன். நீங்கள் ஓடி வருவதைப் பார்த்தேன். ஹெஸ்தாவின் கையிலிருந்த குழந்தையை நீ வாங்கிக்கொண்டதையும் பார்த்தேன். பின்னால் பனிக்கட்டியின் மேல் நாற்பது நெடியர்கள். கீழே படை முழுவதும் வரிசையில் நின்று என் ஆணைக்குக் காத்திருந்தது. இவ்வளவு அழகாக அவர்கள் நின்றதே இல்லை. நான் மனதுக்குள் செப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

புரூக்கோ மூன்று முறை ஆணை கேட்டார். பிறகு தாழ்ப்பாள் பக்கம் நடந்தார். காவல்காரன் தடுத்ததற்கு, “நாப்பது வருஷமா ஆணைக்குக் காத்திருந்தவன்டா நான். இன்னிக்கு முடியாது, தள்ளு” என்றாராம்.

அவருடைய எண்பது பேர் வெளியே போனார்கள். ஓடவில்லை, கால் மாறாமல் நடந்து போனார்கள். உங்களைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் வரிசை கட்டினார்கள். ஜோரன் நடுவில். அடுத்த அணி போனது, அதற்கடுத்தது போனது. நான் இறங்கி வந்து கேடயம் எடுத்தபோது ஆறாவது அணி போய்க்கொண்டிருந்தது. வரிசை உடையவே இல்லை, அவெல்லா. மனைவி பின்னால் இருப்பதால் ஓடுவார்கள் என்று எழுதினேன். அதனால்தான் நின்றார்கள்.

வரிசையில் முதலில் விழுந்த புரூக்கோவை நேற்று எரித்தோம். ஆணையில்லாமல் வரிசையை விட்டவனுக்கு மரணம் என்பது நான் எழுதிய விதி. அதன்படி வெளியே போன நானூற்று எண்பது பேரில் மிஞ்சியவர்களைக் கொல்ல வேண்டும். அந்த ஏட்டை எல்லோர் முன்னாலும் நெருப்பில் போட்டேன். மண ஆணையையும் போட்டேன். அரசி என்ன செய்தாலும் சரி. நாளை முற்றத்தில் எல்லோருக்கும் மறுபடி மணம் எழுதப்படும். வீடுகள் திரும்பும்.

என் பெயர் முதலில் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். வா.

உன்
மார்வென்

*

கோட்டைக்கு வெளியே,
உறைபனி மாதம், 16

மார்வென்,

‘நீங்கள்’ வேண்டாம் என்று கேட்டாய் அல்லவா, விட்டுவிட்டேன்.

முற்றத்துக்கு நேற்று வந்திருந்தேன். எழுதத் தெரியாத பெண்களுக்காக நான்தான் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தேன். ஹெஸ்தா தன் பெயரை எழுதிவிட்டு அது உலரும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் முடித்த பிறகு ஏடு என் முன்னால் இருந்தது. நீ விட்டிருந்த இடத்தைப் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன்.

கோபம் என்று நினைக்காதே. கோபமெல்லாம் சந்தையில் நின்ற அன்றே தீர்ந்துவிட்டது. வாசலுக்கு வெளியே நின்றபோது நான் மேலே பார்த்தேன். நீ கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னைக் காப்பாற்ற விரும்பிய ஒருவன், அதற்கு அனுமதி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். நீ இறங்கி வந்தாய், அதையும் பார்த்தேன். ஆறு அணிக்குப் பிறகு வந்தாய். அந்த ஆறு அணி நேரத்தை என்னால் திரும்ப எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ நல்ல படை கட்டியிருக்கிறாய். அது உன்னைவிட நல்லதாக வந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டறையை ஹெஸ்தா பார்த்துக்கொள்வாள், தையல் அவளுக்குப் படிந்துவிட்டது. நான் கீழ்நாட்டுக்குப் போகிறேன், கடலோரத்தில் என் அக்கா இருக்கிறாள். வண்டி நாளைக் காலை. வழியனுப்ப வராதே, அணிவகுப்பு நேரம்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் நான் படித்துவிடுவேன்.

அவெல்லா