சம்பந்தி இங்கிலீஷ்காரர் இல்லை

ஜனவரி 9, வியாழன்
மகள் ரெபேக்காவின் கல்யாணம் பிப்ரவரி 22 என்று முடிவாகிவிட்டது. அவள் இருக்கும் சுவான்சியில், மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துச் சர்ச்சில். பாஸ்போர்ட் புதுப்பித்து விசாவும் எடுக்க நாள் போதாது, நாங்கள் போகப்போவதில்லை. ஜூடித் இரண்டு நாள் அழுது ஓய்ந்துவிட்டாள். நான் அழவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் அதைவிட வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சம்பந்தி வீட்டாரோடு வீடியோ. முதல் தடவையாக முகம் பார்க்கப்போகிறோம். என்ன பேசுவது என்று ஜூடித்துக்கு இப்போதே பயம். எனக்கென்ன பயம்? முப்பத்தோரு வருஷம் கப்பல் ஏஜென்சி ஆபீசில் இங்கிலீஷ்காரர்களுக்குக் கடிதம் எழுதியவன்.

ஜனவரி 11, சனி
பபேடான் கடைத்தெருவில் ஷம்சுதீன் பாய் கடைக்குப் போனேன். லோஞ்சிக் கைலி வியாபாரம் பெயருக்குத்தான், பாய்க்கு உயிர் கால்பந்தாட்டம். மேட்ச் அன்றைக்குக் கடை முகப்பில் கட்டும் கொடியைக் கேட்டேன். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை.

“இங்கிலாந்து கொடி இதுதானே பாய்?”

“இதேதான் தாமஸு. கறை கிறை படாம திருப்பிக் குடுத்துடு.”

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் கட்டிவிட்டேன். சம்பந்திக்கு மரியாதை செய்ய வேண்டாமா? சிலுவை இருப்பதால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் ஜூடித்.

ஜனவரி 12, ஞாயிறு
எழுதவே பிடிக்கவில்லை.

நாலு மணிக்குக் கரண்ட் இருந்தது, படமும் தெளிவாக வந்தது. வராமல் இருந்திருக்கலாம். சோபாவில் சம்பந்தி எம்லின், அவர் மனைவி, மாப்பிள்ளை கேரத், ஓரத்தில் ரெபேக்கா. என் பின்னால் இருந்த கொடியைப் பார்த்ததும் கேரத் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் அம்மா மேற்கூரையைப் பார்த்தார். எம்லின்தான் பேசினார். சிரித்த முகமாகவே சொன்னார்: “தாமஸ், தப்பா நினைக்காதீங்க. நாங்க இங்கிலீஷ்காரங்க இல்ல. வெல்ஷ்காரங்க. இது வேல்ஸ். அந்தக் கொடி பக்கத்து வீட்டுக்காரங்களோடது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து கொடியைக் கழற்றுகிறேன், ஒரு முனை ஆணியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அவ்வளவு பேரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உட்கார்ந்ததும் பேச்சை மாற்றத்தான் அவர் கேட்டார் என்று நினைக்கிறேன். “நீங்க இந்தியாவுல எந்தப் பக்கம்?”

“தஞ்சாவூர் பக்கம்” என்றேன். ஊர் எப்படி என்றார். நல்ல பச்சை, நிறைய வயல் என்றேன். கல்யாணத்துக்கு இந்தியக் கொடி தோரணம் கட்டட்டுமா என்றார். தாராளமாக என்றேன்.

ரெபேக்கா எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி 13, திங்கள்
காலையில் அவளே கூப்பிட்டாள். அங்கே நடுராத்திரி.

“ஏம்பா அப்படிச் சொன்னீங்க? நீங்க தஞ்சாவூரைப் பாத்திருக்கீங்களா?”

“பெரிய மனுஷன் கேக்கிறாரு. இல்லன்னு சொல்லி எதுக்கு விளக்கிக்கிட்டு இருக்கணும்?”

“அவர் உங்ககிட்ட நேராத்தானே சொன்னாரு, நாங்க இங்கிலீஷ் இல்லன்னு? சண்டையா வந்துச்சு? நான் இங்க வந்து மூணு வருஷமா ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன், நான் பர்மாவுல பொறந்த தமிழ்ப் பொண்ணுன்னு. ஒரே நிமிஷத்துல என்னைப் பொய்க்காரியாக்கிட்டீங்க.”

வைத்துவிட்டாள்.

பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? பர்மா சர்க்கார் கொடுத்த என் அடையாள அட்டையிலேயே ‘இந்தியர், கிறிஸ்தவர்’ என்றுதான் எழுதியிருக்கிறது. நான் என்ன இல்லாததையா சொன்னேன்?

ஜனவரி 15, புதன்
இல்லாததைத்தான் சொன்னேன். பச்சை வயலாம்.

ஜனவரி 19, ஞாயிறு
நாலு மணி. ரெபேக்கா ஞாயிறுதோறும் கூப்பிடுகிற நேரம். கூப்பிடவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்
இருப்புக்கொள்ளவில்லை. பாய் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். தப்புக் கொடியைக் கொடுத்துவிட்டாரே.

“நீ இங்கிலாந்து கேட்ட, இங்கிலாந்து குடுத்தேன். வேல்ஸ் கேட்டிருந்தா அதுல டிராகன் இருந்திருக்கும். செவப்பு டிராகன்.”

“ரெண்டும் ஒரே நாடுதானே பாய்? ஒரே ராஜா, ஒரே பாஸ்போர்ட்.”

“பாஸ்போர்ட் ஒண்ணு. ஆனா வேர்ல்டு கப்புக்கு நாலு டீமு தனித்தனியாதானே ஆடுது? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து. மிச்ச அயர்லாந்து வேற நாடு, அதைச் சேத்துடாதே, அடிக்க வருவான்.”

பள்ளிக்கூடத்தில் பொது அறிவுப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். ஒரு லோஞ்சிக் கடைக்காரர் பாடம் எடுக்கிறார், நான் பாக்கை மென்றுகொண்டு கேட்கிறேன். முதல் மூன்றும் ஒரே தீவில் இருக்கின்றன, அந்தத் தீவுதான் கிரேட் பிரிட்டன். வட அயர்லாந்தையும் சேர்த்தால் யுனைடெட் கிங்டம். அப்படியானால் எம்லின் பிரிட்டிஷ்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. கார்டிஃப் துறைமுகத்துக்கு எத்தனை கடிதம் அனுப்பியிருப்பேன்! ஒவ்வொரு உறையிலும் ‘இங்கிலாந்து’ என்றே எழுதினேன். ஒருத்தரும் திருத்தி எழுதவில்லை. என்னைப் போல அவர்களுக்கும் விளக்கிச் சலித்திருக்கும்.

சலிப்பா எனக்கு? இல்லை, பயம். அதை இந்த நோட்டிலாவது ஒப்புக்கொள்ளலாம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, நம் ஆட்களின் கடைகளைச் சர்க்கார் பிடுங்கிக்கொண்டதும், பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் மூட்டை மூட்டையாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். யாராவது இந்தியாவா என்று கேட்டால் ஆமாம் சொல்லிவிட்டு நட, நின்று பேசாதே என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். அப்பாவும் இங்கே பிறந்தவர்தான். அன்றைக்கு ஆட்ட ஆரம்பித்த தலையை எழுபது தாண்டியும் இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு
கூப்பிட்டாள். அம்மாவோடு மட்டும் பேசினாள். கல்யாணத்தன்று நான் போனில் பேசுவதாக இருந்த இரண்டு நிமிஷத்தை என்ன செய்வது என்று ஜூடித் கேட்டதற்கு, “பாக்கலாம்மா” என்றாளாம்.

பாக்கலாமாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு
ஜூடித்திடமிருந்து எம்லின் நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன். மூன்று மணியிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜூடித் எதிரிலேயே நின்றாள். “என்னங்க, சுத்தி வளைக்காதீங்க” என்றாள்.

வளைக்கவில்லை. போன தடவை தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். இந்தியாவை நான் பார்த்ததே இல்லை. நான் பிறந்தது இன்சீன் ரயில்வே குவார்ட்டர்ஸில், என் அப்பா பிறந்ததும் அங்கேதான். நாங்கள் தமிழர்கள், நாடு மியான்மார். ரெபேக்கா சொன்னதுதான் சரி.

எம்லின் மெதுவாகச் சொன்னார்: “நீங்க தஞ்சாவூர்னு சொன்னதும், பொண்ணு ஏதோ வெக்கப்பட்டு மறைக்கிறா போலன்னு நினைச்சோம். நானும் என் மனைவியும் அதைப் பேசினோம். அவ காதுலயும் விழுந்திருக்கும்.”

என் பிள்ளை அந்த வீட்டில் மூன்று வாரமாக அப்படி ஒரு பார்வைக்கு நடுவில் இருந்திருக்கிறாள். ஏதோ ஒரு வார்த்தைக்காகக் கோபித்துக்கொண்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரே இன்சீனை எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பென்சில் சத்தம் கேட்டது. வைக்கும்போது, “இப்பவே அவகிட்ட போய் மன்னிப்புக் கேக்கணும்” என்றார். நானும்தான் என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்
மெசேஜ் அனுப்பினேன்: “உன்னை நான் பொய்க்காரியாக்கியது உண்மை. மன்னித்துக்கொள்.” பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்
“உங்க ரெண்டு நிமிஷம் இருக்குப்பா. மூணா ஆக்காதீங்க.” இதுதான் பதில். பத்துத் தடவை படித்திருப்பேன்.

பிப்ரவரி 22, சனி
இங்கே மாலை ஏழரை, அங்கே பகல் ஒன்று. கரண்ட் இல்லை. பாய் தன் கடை பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், மனுஷன் வாய்தான் அப்படி. ரெபேக்கா வெள்ளை கவுனும் தோளில் ஜூடித்தின் பட்டுத் துண்டுமாக வந்தாள். மேஜையில் டிராகன் கொடி. தோரணம் எதுவும் இல்லை. முன்வரிசையில் இரண்டு நாற்காலியைக் காலியாக விட்டு, ஒவ்வொன்றிலும் அட்டை வைத்திருந்தார்கள். கேரத் போனை அதன் பக்கம் திருப்பினான். எங்கள் பெயர்களுக்குக் கீழே பென்சிலில் ‘இன்சீன்’.

ஒரு நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டேன். மிச்ச நேரம் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வியாழன்
கொடியைத் துவைத்து மடித்து, பாயிடம் கொடுப்பதற்காக ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் போனேன். எதிரில் காடை முட்டை விற்கிற அம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எப்போதும் வருகிற கேள்விதான், பர்மியில் கேட்டாள்: பெரியவரே, இந்தியாவிலிருந்து எப்போ வந்தீங்க?

தலை பாதி ஆடிவிட்டது. நிறுத்தினேன்.

“வரலம்மா. இங்கேதான் பொறந்தேன், இன்சீன்ல.”

அவள் கோபப்படவில்லை. இன்சீனில் எந்தத் தெரு என்றாள். சொன்னேன். அந்தத் தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லையே என்றாள். ஐம்பது வருஷமாக வருவதில்லை என்றேன். அதற்கப்புறம் பபேடானுக்கு நான் இறங்குகிற வரைக்கும் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரெபேக்கா கூப்பிடுவாள். சொல்ல வேண்டும்.