நாய் கிளினிக்

செப்டெம்பர் 6, சனி

காலையில் எழுந்ததும் முதலில் என் நாய் பட்டரின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். கேத்தலை அடுப்பில் வைத்தது அதற்குப் பிறகுதான். ஈறு நல்ல இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கிறது, விட்டதும் நிறம் திரும்புகிறது. காது நாறவில்லை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். நேற்று ருவான்வெல்லையில் மிருக வைத்தியர் நிரோஷா சொல்லித் தந்தவை. வருட ஊசிக்கு நாயைக் கொண்டுபோனவள் ஒரு பாடமே படித்துவிட்டு வந்திருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் ஒரு நாயின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதில் இவ்வளவு சந்தோஷமா? இருக்கிறதே.

அதைவிடப் பெரிய செய்தி, டொக்டர் எங்கள் றப்பர் தோட்டத்துக்கே வருகிறார். கீழ் டிவிசனில் விசர் பிடித்த நாய் ஒருவரைக் கடித்ததிலிருந்து தோட்டத்துரை பிடிவாதமாக நிற்கிறார். மாத முடிவில் தடுப்பூசி அட்டை இல்லாத நாய்களை லயத்து வீடுகளிலிருந்து பிடித்துக்கொண்டு போகப் போகிறார்களாம். எங்கே கொண்டுபோவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. றப்பர் பால் வெட்டுகிற சனம் நாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்கு வர முடியுமா என்று டொக்டரிடம் கேட்டேன். கலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஹரி டீச்சர், அடுத்த சனி மம எனவா" என்றார். சரியாம், அடுத்த சனி வருகிறாராம், அவ்வளவு இலேசாக. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

தம்பி ரெஜினோல்ட் தன் த்ரீவீலில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு எல்லா லயங்களையும் சுற்றி வந்தான். வாசகம் என்னுடையது: "வரும் சனிக்கிழமை எல்லா நாய்களுக்கும் ஊசி போடப்படும். தவறாமல் கொண்டுவரவும்." மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியது. சுருக்கம், தெளிவு. பிள்ளைகளுக்குக் கட்டுரையில் இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

செப்டெம்பர் 13, சனி

ஒரு நாய். ஒரே ஒரு நாய். கணக்கப்பிள்ளையின் அல்சேஷன்.

பாடசாலை முற்றத்தில் மேசை போட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் வரட்டும் என்று பின்னேரம்வரை இருந்தோம். யாரும் வரவில்லை. லயப்பக்கம் ஒரு குரைப்புச் சத்தம்கூட இல்லை. எங்க போச்சுங்க எல்லாம்? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? ஊசி இலவசம், அட்டை இலவசம், வாசலுக்கே வந்திருக்கு – பிறகு என்னதான் வேணும் இவங்களுக்கு?

டொக்டர் கோபப்படவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது. இருபத்தேழாம் திகதி இன்னொரு முறை வருகிறார். அதற்குப் பிறகு மாதம் முடிந்துவிடும்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் விஜயகலாவைப் பிடித்தேன். பால் வெட்டுகிறவள், எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"கொத்துவ எங்க ஒளிச்சு வெச்ச?" கொத்து அவளுடைய நாய்.

"கட்டிலுக்கு அடியில, டீச்சர். வாயில துணியக் கட்டி. கொலகாரி மாதிரி பாத்துச்சு என்னைய."

"ஏன்டி?"

"நீங்கதான ஊசின்னு மைக்குல சொன்னீங்க. இங்க நாய்க்கு ஊசின்னா ஒண்ணுதான் டீச்சர். போட்டா எந்திரிக்காது."

நான் வளர்ந்தது நிவித்திகல. இந்தத் தோட்டத்துக்கு வந்து ஐந்து வருடம்தான். இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இங்கேயும் ஒரு விசர் நாய்க் கதை நடந்திருக்கிறது. ஊசி போடுகிறோம், நாய்களைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, கொண்டுவந்த எல்லாவற்றையும் அதே ஊசியால் முடித்துவிட்டார்கள். நாய்களை அசையாமல் பிடித்துக்கொடுக்க நிறுத்தியது அப்போது இளந்தாரியாக இருந்த கடைசி லயத்து முத்துவீரனை. அவருக்கும் விசயம் தெரியாதாம். தெரிந்தபோது அவர் பிடித்திருந்தது தன் நாயை.

செப்டெம்பர் 15, திங்கள்

ஒரு சொல்லை அடித்துத் திருத்தும்போது அது யார் காதில் விழப்போகிறது என்று யோசித்தேனா? இல்லை.

செப்டெம்பர் 17, புதன்

கிடைத்துவிட்டது. வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே கிடைத்தது. ஒரு பிள்ளை வரவில்லை; ஏன் என்றேன். "தங்கச்சிய தூக்கிக்கிட்டு அம்மாவோட கிளினிக் போயிட்டா டீச்சர்."

கிளினிக். இந்தத் தோட்டத்தில் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோகாத தாய் இல்லை. மழையென்றாலும் போவார்கள். குளிப்பாட்டி, பவுடர் பூசி, அட்டையைப் பொலித்தீன் பைக்குள் போட்டு. அங்கேயும் ஊசிதான், ஆனால் யாரும் ஊசிக்குப் போகிறேன் என்று சொல்வதில்லை.

ரெஜினோல்டிடம் சொன்னேன். "நாய் கிளினிக்கா? நிறுத்துப் பாத்து திரிபோஷ மாவும் குடுப்பீங்களா அக்கா?"

"பூச்சி மருந்து குடுப்போம். நீ மைக்க எடு."

இரவு படுத்தும் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

லயம் லயமாக நானே போனேன். ஊசி இல்லை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. இது எந்த ஊசி, எதற்கு, போட்ட பிறகு நாய் எப்படி இருக்கும் என்று சொன்னேன். பட்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். அது போன வருடமும் போட்டது, இந்த வருடமும் போட்டது, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

கடைசி லயத்தில் முத்துவீரன். அவருடைய வெள்ளச்சி கதவிடுக்கால் பட்டரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தது.

"கிளினிக்குன்னு பேர மாத்திட்டா ஊசி மாறிருமா டீச்சர்?"

"இது அந்த ஊசி இல்லங்க. பட்டரப் பாருங்க."

"அது டீச்சர் வீட்டு நாய். அப்பயும் பெரியவங்க வீட்டு நாய யாரும் தொடல."

அட்டை இல்லாவிட்டால் மாத முடிவில் வெள்ளச்சியைப் பிடித்துக்கொண்டு போவார்களே என்றேன்.

"தெரியும்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

செப்டெம்பர் 27, சனி

வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். கை இன்னும் நாய் வாசம். கழுவ மனம் வரவில்லை. எழுதிவிட்டுக் கழுவுகிறேன்.

குளிப்பாட்டிய நாய்கள். பவுடர் போட்ட நாய்கள். கொத்துவின் நெற்றியில் கண்ணேறு படாமல் மைப்பொட்டு. டொக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரிசையில் "எங்களுது மொதல்ல வந்துச்சு", "ஒங்களுது கடிக்கும், தள்ளி நில்லு" என்று பிள்ளைகள் கிளினிக்கில் நடக்கிற அதே சண்டை. அட்டையில் பெயர் எழுத நான். "பேரு?" "ஒபாமா." எழுதினேன்.

முத்துவீரன் நாயில்லாமல் வந்து வேலியோரம் நின்றார். ஒவ்வொரு நாயும் ஊசி போட்டுக்கொண்டு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்கப்பிள்ளையின் இரண்டாவது நாய் வந்தபோது மேசைக்குக் கிட்ட வந்துவிட்டார். அதற்குப் போட்ட குப்பியிலிருந்தே அடுத்து விஜயகலாவின் கொத்துவுக்கும் மருந்தை இழுத்தார் டொக்டர். முத்துவீரன் குப்பியைக் காட்டி, "ஏகமத நோனா?" என்றார். ஒரே மருந்தா என்று.

"ஏகமய், அய்யே" என்றார் டொக்டர். ஒரே மருந்துதான் அண்ணே என்று.

திரும்பி லயப்பக்கம் நடந்தார். சாமான்களைக் கட்டத் தொடங்கும்போது வெள்ளச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் இறக்கினார். கழுத்தைப் பிடிக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

"நீங்க புடிங்க டீச்சர். என்னால ஏலாது."

நான் பிடித்தேன். வெள்ளச்சியின் இதயம் என் உள்ளங்கையில் அடித்தது. அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். முடிந்தது என்று சொல்லியும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

செப்டெம்பர் 28, ஞாயிறு

சிலதுகள் ஒரு நாள் சோர்ந்து படுக்கும் என்று டொக்டர் எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்பினார். வெள்ளச்சியும் படுத்துவிட்டது. முத்துவீரன் விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். நான் பூசைக்குப் புறப்படும்போது வாசலில் வந்து நின்றார்.

"சோறு தின்னுருச்சு டீச்சர்" என்றார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்.

பூசையில் ஒன்றும் காதில் விழவில்லை. சோறு தின்னுருச்சு.

ஒக்டோபர் 1, புதன்

காலையில் துரையின் கந்தோரிலிருந்து ஆட்கள் லயம் லயமாகப் போய் அட்டைகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் பொலித்தீன் பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். ஒரு நாயையும் கொண்டுபோகவில்லை. கொண்டுவந்த கயிற்றை அப்படியே திருப்பிக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் டொக்டர் ஃபோன் செய்தார். டிசம்பர் விடுமுறையில் கேகாலையில் ஒரு பயிற்சி, நத்தார் பண்டிகையை ஒட்டி. நாய்களுக்குத் தடுப்பூசி போடப் பழக்குகிறார்களாம். தோட்டங்களுக்குப் போகத் தமிழ் பேசும் ஆள் ஒருவர்கூட இல்லையாம், நீங்கள் வருகிறீர்களா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யாரு அக்கா?" என்றான் ரெஜினோல்ட் உள்ளேயிருந்து. வழக்கம்போல நத்தாருக்கு வத்தளையில் மூத்த அக்கா வீட்டுக்குப் போக வேனுக்குச் சொல்லி வைத்திருக்கிறான்.

"டொக்டர். பட்டரு எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. வேனில் இந்த முறை ஓர் இடம் காலி. அடுத்த வருடம் வெள்ளச்சியை முத்துவீரன் பிடிக்கட்டும். ஊசி நான் போடுகிறேன்.